அரசியல் திசைகாட்டிக்கு ஒரு சிறப்புப்பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்பது நம் இலக்கணக்காரர்களின் கட்சி. அப்படியானால், சாப்பாட்டையும் மறந்து உலகமே ஓதிவரும் ஒரு நூல்வகை இன்றுவரை பாயிரமின்றி அநாதையாகக் கிடக்கிறது. 'நீங்கள் இடதா, வலதா?', 'நீங்கள் உண்மையில் எந்த ஊரில் வாழ வேண்டியவர்?' என்றெல்லாம் கேட்டு, பத்து நிமிடத்தில் நம்மை யாரென்று நமக்கே சொல்லிவிடும் இணையக் குவிஸைத்தான் சொல்கிறேன். அந்தக் குறையைத் தீர்க்க இக்கட்டுரை முயல்கிறது.

சிறப்புப்பாயிரத்தில் எட்டுச் செய்தி இருக்க வேண்டும் என்கிறது பவணந்தியாரின் நன்னூல்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. காலம் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அரைமணி, களன் கைப்பேசி, காரணம் வேலையில் மனம் செல்லாமை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூல், 2001-இல் வெளிவந்த பொலிட்டிக்கல் காம்பஸ். ஆக்கியோன் தன்னை முன்னிறுத்திக்கொள்வதில்லை. பழைய நூல்கள் பலவற்றிலும் அதே கதைதான் என்பதால் அதை ஒரு பெருமையாகவே கொள்க. நூற்பெயர் திசைகாட்டி. வழிதான் சுவாரசியமானது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற மூன்றில் இது நிச்சயமாக முதல்நூல் அல்ல. இடது, வலது என்ற பகுப்பே 1789-இல் பிரெஞ்சுத் தேசிய அவையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து பிறந்தது. அரசனுக்கு ஆதரவானவர்கள் தலைவரின் வலப்பக்கமும் எதிர்ப்பவர்கள் இடப்பக்கமும் போய் உட்கார்ந்தார்கள். நாற்காலி கிடைத்த இடம் கொள்கையான வரலாறு நமக்கும் புதிதல்ல.

ஒரு கோடு போதாது, குறுக்கே இன்னொன்று வேண்டும் என்று 1954-இல் உளவியலாளர் ஐசெங்க் எழுதினார். 1971-இல் அமெரிக்கர் டேவிட் நோலன் தம் பங்குக்கு ஒரு படம் வெளியிட்டார். அதே ஆண்டு லிபர்டேரியன் கட்சி தோன்றியது. அதைத் தொடங்கியவர்களில் நோலனும் ஒருவர். பின்னர் அந்தப் படத்தை வைத்துப் பத்தே கேள்விகளில் ஒரு குவிஸ் வந்தது. வைர வடிவிலான அதன் படத்தில் உச்சி முனை எந்தக் கொள்கைக்கு ஒதுக்கப்பட்டது என்று கேட்பவர், கல்யாண மண்டபம் கட்டியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த முகூர்த்தம் கிடைக்கும் என்றும் கேட்பார்.

யாப்புக்கு வருவோம். நூல் 62 கூற்றுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் நான்கே விடை: முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன். நடுவில் ஒதுங்க இடமில்லை. 'தெரியாது' இல்லை, 'யோசித்துச் சொல்கிறேன்' இல்லை, நம் மக்கள் அதிகம் பயன்படுத்தும் 'அதெல்லாம் ஆளைப் பொறுத்தது' அறவே இல்லை. எல்லாக் கூற்றுக்கும் பொத்தானை அழுத்தி முடித்தால் இரண்டு எண்கள் வரும். பொருளாதாரத்துக்கு ஒன்று, அதிகாரமா சுதந்திரமா என்பதற்கு ஒன்று. இரண்டும் தசமப்புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை துல்லியம். தன் வீட்டு மாதச் செலவை ஆயிரம் ரூபாய் முன்பின்னாகத்தான் சொல்ல முடிகிற மனிதனின் மனசாட்சி இங்கே நூறில் ஒரு பங்கு வரை அளக்கப்படுகிறது.

எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. இதை அறியக் களஆய்வு தேவைப்பட்டது. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்று மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா, ஆய்வுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து அவர் மகள் கூற்றுகளைத் தமிழில் படித்துக் காட்ட, நான் குறிப்பெடுத்தேன்.

குடிதண்ணீரைக்கூட பாட்டிலில் அடைத்து பிராண்டு போட்டு விற்கும் நிலை வந்தது வருத்தத்துக்குரியது என்பது ஒரு கூற்று.

"விக்கிறது யாரு?" என்றார் சித்தப்பா.

"அதெல்லாம் கேக்கக்கூடாதுப்பா. ஏத்துக்கறீங்களா இல்லையா?"

"பஸ் ஸ்டாண்டுல பத்து ரூபாய்க்கு அம்மா குடிநீர் வாங்கிக் குடிச்சிருக்கேன். இப்ப நான் எந்தப் பக்கம்?"

இந்த வினாவின் ஆழத்தை அறிஞர்கள் உணர வேண்டும். 2013 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய திட்டம் அது. அரசே கும்மிடிப்பூண்டியில் ஆலை வைத்துத் தண்ணீரை அடைத்து, முதலமைச்சர் பெயரால் முத்திரை குத்தி, தனியாரைவிட மலிவாக விற்றது. அரசு உற்பத்தி செய்வதால் இடது. காசுக்கு விற்பதால் வலது. தலைவர் படம் இருப்பதால் மேலே. ஏழைக்குத் தாகம் தீர்வதால் கீழே. நான்கு கட்டத்திலும் கால் வைத்து நிற்கும் ஒரு லிட்டர் பாட்டிலை எங்கே குறிப்பது என்று திசைகாட்டிக்குத் தெரியாது.

ஜோதிடம் பல விஷயங்களைச் சரியாக விளக்குகிறது என்பதும் அந்த 62-இல் ஒன்று. ஜோதிடத்தை நம்புகிறவன் இன்ன அரசியல்காரன் என்று கணிக்கலாம் என்பது ஆக்கியோன் துணிபு. அவர் நம் ஊரில் வேட்புமனுத் தாக்கல் நடக்கும் நாளில் தேர்தல் அலுவலக வாசலில் நின்று பார்த்ததில்லை. ராகு காலத்தில் வாசல் வெறிச்சென்று கிடக்கும். அது முடிந்ததும் கடவுள் உண்டு என்ற கட்சியும் இல்லை என்ற கட்சியும் ஒரே நேரத்தில் படியேறும்.

பிறந்த நாட்டை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஆகவே அதைப் பற்றிப் பெருமைப்படுவது அசட்டுத்தனம் என்ற கூற்றுக்கு, "நாட்டைச் சொல்றானா, ஊரைச் சொல்றானா?" என்று விளக்கம் கேட்டார் சித்தப்பா. நாடு என்றதும் தயங்கி 'ஏற்கிறேன்' என்றார். ஊர் என்றிருந்தால் கைப்பேசியைப் பிடுங்கி வைத்திருப்பார். பிள்ளையைச் சில சமயம் அடிக்கத்தான் வேண்டும் என்பதற்கு, "யாரு பிள்ளையை?" என்ற எதிர்க்கேள்வி வந்தது. மகள் தலை நிமிராமல் 'முழுமையாக ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள், சாட்சி அவள்தானே.

முடிவில் ஒரு சிவப்புப் புள்ளி இடப்பக்கம் கீழ்க் கட்டத்தில் வந்து விழுந்தது. நூலாசிரியர் தரும் மாதிரிப் படத்தில் காந்தியும் அதே கட்டத்தில்தான் இருக்கிறார். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "இதை உங்க அம்மாகிட்ட காட்டு" என்றார். அதுவரை ஒவ்வொரு கூற்றோடும் வழக்காடியவர், அதற்குப் பிறகு நூலின் துல்லியத்தைப் பற்றி ஒரு ஐயமும் எழுப்பவில்லை.

இந்த இடத்தில்தான் நுதலிய பொருள் தெளிவாகிறது. நூல் நுதலியது அரசியல் அல்ல. காட்டிக்கொள்வதற்கு ஒரு சான்றிதழ். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு குணச்சித்திரம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். வாசகங்களைக் கடைத்தெருவில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். ஆக, ஜோதிடத்தைக் கேள்வியாக வைத்த ஆக்கியோன் வழி தவறிவிட்டதாகவும் சொல்ல முடியாது.

எந்த ஊர்ப் பண்பாட்டுக்குப் பொருந்துவீர்கள் என்று சொல்லும் கிளைநூல்களும் உண்டு. 2014-இல் பஸ்ஃபீட் வெளியிட்ட, 'நீங்கள் எந்த நகரத்தில் வாழ வேண்டியவர்' என்ற குவிஸ் கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. அவற்றைவிடக் கம்பீரமான உறவுக்காரர் ஹோஃப்ஸ்டெட். நாடுகளின் பண்பாட்டுக்கே மதிப்பெண் போட்டவர். மேலதிகாரி சொன்னால் மறுபேச்சில்லை என்னும் குணத்தில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40. மனிதவளத் துறையினர் இன்றும் பயபக்தியோடு எடுத்துக்காட்டும் எண்கள். அவை ஐபிஎம் ஊழியர்களிடம் வாங்கிய விடைகளிலிருந்து பிறந்தவை. புத்தகம் 1980-இல் வந்தபோது ஐபிஎம் இந்தியாவைவிட்டே போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஒரு நாட்டின் பண்பாட்டை, அங்கே கடையைக் கட்டிய கம்பெனியின் ஆட்களை வைத்து எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

எஞ்சியவை கேட்போரும் பயனும். மரபுப்படி இரண்டும் ஒருவரையே சேரும்: கேட்டவனுக்கே பயன். இந்த நூல்வகையில் அது முறிகிறது. அலெக்சாண்டர் கோகன் என்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஃபேஸ்புக்கில் ஒரு குணநல குவிஸ் வைத்திருந்தார். சுமார் 2,70,000 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களின் நண்பர்கள் விவரமும் சேர்ந்து, 8.7 கோடிப் பேர் வரையிலானவர்களின் தரவு கேம்பிரிட்ஜ் அனாலிடிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. இந்தியக் கணக்கையும் தனியே தந்தது: செயலியை நிறுவியவர்கள் 335 பேர், பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் மொத்தம் 5,62,455 பேர்.

335 பேரைக் கேட்போர் என்று வகைப்படுத்துவதில் சிக்கலில்லை. மிச்சமுள்ள 5,62,120 பேர் ஒரு கேள்வியையும் பார்க்காமல், ஒரு பொத்தானையும் அழுத்தாமல் உள்ளே வந்தவர்கள். இவர்களை எந்த உறுப்பில் அடக்குவது என்று பவணந்தியாரிடமும் விடை இல்லை, பின்வந்த உரையாசிரியர்களிடமும் இல்லை. பன்னிரண்டாவதாக ஓர் உறுப்பு சேர்க்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. பெயர் வைக்கும் உரிமையைச் சித்தப்பா கேட்டிருக்கிறார்.