மூன்று முட்டைக்கு ஐந்து வருடத் தவம்

சும்மா இருப்பதற்கும் அனுபவம் கேட்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால்தான் தமிழக அரசின் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். நாமக்கல்லில் வரிசையில் முன்னால் நின்ற தம்பி, உறைக்குள் சான்றிதழைத் தடவியபடி பெருமையாகச் சொன்னான்: “எனக்கு ஏழு வருசம் சர்வீஸுங்ண்ணா.”

பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எங்கும் வேலையில் இல்லை என்று வருடா வருடம் உறுதிமொழியும் தர வேண்டும்.

பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். முட்டை ஆறு ரூபாய் என்று வைத்தால் மூன்று முட்டை, மிச்சத்துக்கு உப்பு. மூன்று வருடத்தில் தொகை நின்றுவிடும், வேலை கிடைத்ததா என்று கேட்காமலே.

பிரிட்டனில் உதவித்தொகை வாங்கியவர்களைக் கடைகளுக்குச் சம்பளமில்லாமல் வேலைக்கு அனுப்பினார்கள். அந்த விதிகள் செல்லாது என்று 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நாமக்கல்லில் கட்டாய வேலை கோழிக்கு மட்டும்தான். அதற்கும் தீனி தினமும் விழுகிறது. நம் உதவித்தொகை போலக் காலாண்டுக்கு ஒருமுறை இல்லை.