ரிமோட்டுக்குச் சட்டம், டக்டுக்குச் சலுகை

பெறுநர்: மத்திய மின்சார அமைச்சகமும் எரிசக்தித் திறன் பணியகமும், புது தில்லி

பொருள்: டிகிரியைப் பிடித்தது, காற்றைக் கோட்டைவிட்டது – தொடர்பாக



முதலில் பாராட்டு. 2018 ஜூன் மாதம், விமான நிலையம், ஓட்டல், வணிக வளாகம், அலுவலகம் என்று பெரிய கட்டடங்களுக்கெல்லாம் ஏசியை 24 டிகிரியில் வைத்து ஓட்டும்படி அறிவுரை தந்தீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்று கணக்கும் சொன்னீர்கள். அறிவுரைக்குக் காது கொடுக்கிற ஆட்கள் நாங்கள் இல்லை என்று தெரிந்ததும், 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 24-இல்தான் கண் விழிக்க வேண்டும் என்று விதி செய்தீர்கள். கண் விழித்த ஏசியை அடுத்த நொடியே ரிமோட்டால் 18-க்கு இறக்கிவிடலாம் என்பதும் பிறகு தெரியவந்தது. 2025 ஜூனில், 20-க்குக் கீழே இறங்காமலும் 28-க்கு மேலே ஏறாமலும் பூட்டப்போகிறோம் என்று அமைச்சர் அறிவித்தார். குடிமகனின் கட்டைவிரலை இத்தனை அக்கறையோடு பின்தொடர்ந்த அரசு வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு சிக்கல். 20-இல் வைக்கிறவன் குளிருக்குப் பேராசைப்படுகிறான் என்பது உங்கள் கணிப்பு. வீட்டுச் சுவரில் மாட்டிய ஏசிக்கு அது பொருந்தலாம். ஆனால் மத்தியக் குளிரூட்டல் உள்ள கட்டடத்தில் நிலைமை வேறு. அங்கே குளிர்ச்சி உண்டாவது ஓரிடம், அதைக் காற்றில் ஏற்றி அனுப்பும் ஏ.எச்.யூ. இருப்பது வேறிடம், அந்தக் காற்று போய்ச் சேர வேண்டிய மேசை இருப்பது டக்ட் என்னும் காற்றுக்குழாயின் கடைசி முனையில். அந்த முனையில் இருப்பவர் தெர்மோஸ்டாட்டை 20-க்கு இறக்கினால், அவர் 20-ஐக் கேட்கிறார் என்று பொருளில்லை. அவர் கேட்பது நீங்கள் சொன்ன அதே 24-ஐத்தான். அது வந்து சேராததால் இறங்கி இறங்கிக் கேட்டுப் பார்க்கிறார். அதே நேரம் ஏ.எச்.யூ. அறைக்கு அடுத்த இருக்கைக்காரர் சித்திரை வெயிலில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார். இருவரும் ஒரே கருவியின் கீழ் இருப்பவர்கள், ஒரே எண்ணால் ஆளப்படுபவர்கள். இதில் குற்றவாளி எண் அல்ல, வழி. ஆனால் வழியோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிறது. உங்கள் பார்வை அதற்குக் கீழேயே நின்றுவிட்டது.

மேலே என்னதான் இருக்கிறது? மடித்த ஜிஐ தகடு. 750 மில்லிமீட்டர் அகலம் வரையுள்ள டக்டுக்கு 24 கேஜ், அதாவது 0.63 மில்லிமீட்டர் கனம் என்று ஐ.எஸ். 655 சொல்கிறது. அந்தக் கேஜை எல்லோரும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் காற்று தகட்டின் நடுவில் கசிவதில்லை, மூட்டில் கசிகிறது. இரண்டு துண்டின் ஃபிளேஞ்சுகளுக்கு இடையே கேஸ்கட் வைத்து, மூலை நான்கிலும் சீலண்ட் பூசி, சுற்றிலும் போல்ட் முறுக்க வேண்டும். கீழிருந்து பார்த்தால் அடிப்பக்கத்தில் போல்ட் வரிசை ஒழுங்காகத் தெரியும், இரு பக்கவாட்டிலும் தெரியும். மேல்முகம் கான்கிரீட்டை ஒட்டி நிற்பதால் ஸ்பேனர் நுழைவதில்லை; அங்கே இருக்க வேண்டிய போல்ட்டையும் சீலண்டையும் கடவுள் பார்த்துக்கொள்கிறார். கிளை பிரியும் இடத்தில் காலர் கோணலாக வெட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து டிஃப்யூசருக்குப் போகும் ஃபிளெக்சிபிள் டக்ட், வழியில் கேபிள் டிரே குறுக்கிட்டதால் நசுங்கிக் கிடக்கும். கடைசியில் ஃபால்ஸ் சீலிங் வந்து முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்துவிடும்.

இதன் விலையை உங்களுக்குப் பிடித்த மொழியில், மின்சாரக் கணக்கில் சொல்கிறேன். புளோயர் அனுப்பும் காற்றில் 20 விழுக்காடு வழியில் கசிந்தால், அறைக்கு வேண்டிய அளவு போய்ச் சேர அது 25 விழுக்காடு கூடுதலாக ஊத வேண்டும். விசிறியின் மின்தேவை காற்றோட்டத்தின் மும்மடிப்படி ஏறும் என்பது அடிப்படை விதி. 1.25-ஐ மும்முறை பெருக்கினால் 1.95. ஐந்தில் ஒரு பங்கு கசிவுக்காக விசிறி மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு மின்சாரம் தின்னும். உங்கள் 6 விழுக்காட்டை எத்தனை டிகிரி கூட்டி இதற்கு ஈடுகட்டுவது?

ஏ.எச்.யூ. பெட்டியும் சளைத்ததல்ல. ஃபில்டரைச் சட்டத்தில் செருகும்போது ஓரத்தில் கேஸ்கட் இல்லாவிட்டால், காற்று ஃபில்டரை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு இடுக்கு வழியே போகும். தூசி நேராகக் காயிலில் படியும். காயிலுக்கு அடியில் உள்ள டிரெயின் குழாயை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். காயிலுக்குப் பின்னால் புளோயர் இருந்து இழுக்கும் பெட்டியில், காயிலில் சொட்டும் நீரைத் தாங்கும் தட்டுள்ள பகுதியின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. அதனால் டிரெயின் குழாயில் போதிய ஆழத்தில் வளைந்து நீர் நிற்கும் டிராப் வேண்டும். அது இல்லையென்றால் குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே ஏறும், தண்ணீர் வெளியேறாமல் தட்டிலேயே நிற்கும், ஒருநாள் வழிந்து கீழ்த்தளத்து சீலிங்கில் இந்திய வரைபடம் வரையும். ஒரு முழத்துக்கும் குறைவான பிவிசி குழாய் செய்ய வேண்டிய வேலை இது. பராமரிப்புக்காரர் உடனே பெட்டியின் கதவைத் திறந்துவைத்து, காயிலைத் தாண்டி வெப்பக்காற்றை உள்ளே விட்டு, சிக்கலைத் தீர்த்துவைப்பார்.

மறுப்புகள் எழும். கசிந்த குளிர் கட்டடத்துக்குள்தானே இருக்கிறது, வீணாகவா போய்விட்டது என்பார் ஒருவர். சீலிங்குக்கு மேலுள்ள இடைவெளியே திரும்புகாற்றின் வழியாக இருக்கும் கட்டடத்தில், கசிந்த காற்று அறையைப் பார்க்காமலேயே ஏ.எச்.யூ.வுக்குத் திரும்பிவிடும். விசிறி அதை ஊதியது வீண், அறை காத்திருந்தது வீண். அதுவே மொட்டைமாடிக்கு அடுத்த தளமானால், வெயிலில் காய்ந்த கான்கிரீட்டுக்குக் குளிர்பதனம் செய்த புண்ணியமும் சேரும்.

விதிதான் இருக்கிறதே என்பார் இன்னொருவர். இருக்கிறது. காற்றுப் பங்கீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று 2007-இல் வந்த எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பே கேட்டது. 2017-இலும் 2024-இலும் தொகுப்பு புதுப்பிக்கப்பட்டது. ஆனால் ஒப்பந்த அட்டவணையைப் படித்துப் பாருங்கள். சப்ளை, நிறுவுதல், சோதனை, பங்கீடு என்று நான்கு வேலையும் ஒரே வரியில், சதுர மீட்டருக்கு ஒரே விலையில் கிடக்கும். முதல் இரண்டை டேப் வைத்து அளந்து எம் புக் என்னும் அளவுப் பதிவேட்டில் ஏற்றலாம். பின் இரண்டை எந்த டேப்பாலும் அளக்க முடியாது. எது அளக்கப்படுகிறதோ அதற்குப் பணம். எதற்குப் பணமோ அதுவே வேலை. ஆகவே தகடு முழுதாக வந்துசேர்கிறது, காற்று பாதியில் நிற்கிறது. இதைத் தொழிலாளியின் திறமைக்குறைவு என்று சொல்லித் தப்பிப்பதும் வழக்கம். பீமுக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் கேபிளுக்கும் போக மிச்சமுள்ள இடுக்கில் டக்டைத் தொங்கவிடச் சொல்லிவிட்டு, கீழே ஜிப்சம் பலகையோடு அடுத்த ஒப்பந்ததாரரை நிறுத்திவைத்தால், எந்த விஸ்வகர்மாவும் மேல்முகப் போல்ட்டை முறுக்கமாட்டார்.

கசிவைக் கண்டுபிடிப்பதும் ராக்கெட் விடும் வேலையல்ல. டக்டின் வாய்களை அடைத்து, சிறு விசிறியால் குறிப்பிட்ட அழுத்தம் வரை ஊதி, அந்த அழுத்தம் குறையாமல் நிற்க எவ்வளவு காற்று தேவைப்படுகிறது என்று பார்த்தால் கசிவின் அளவு தெரிந்துவிடும். அமெரிக்காவின் ஸ்மாக்னா அமைப்பு இதற்கென்று 1985-லேயே கையேடு போட்டுவிட்டது. ஆகையால் மூன்றே மூன்று வரி கேட்கிறோம். கசிவுச் சோதனையும் பங்கீடும் தனி வரியில், தனி விலையோடு ஒப்பந்தத்தில் வரட்டும். சோதனைத் தாளில் கையெழுத்து விழாமல் ஃபால்ஸ் சீலிங் மூடப்படக் கூடாது. கடைசி அறையின் டிஃப்யூசரில் அளந்த காற்றின் அளவை வரைபட அளவுக்குப் பக்கத்தில் எழுதி, நிறைவுச் சான்றோடு இணைக்க வேண்டும். கட்டட அனுமதி மாநிலத்தின் வேலை என்று கைவிரிக்க வேண்டாம். உங்கள் துறையின் சொந்த அலுவலகங்களில் தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இது முடியாதென்றால், 20-இல் பூட்டு போடுவதற்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. கடைசி அறைக்காரர் சொந்தச் செலவில் ஃபால்ஸ் சீலிங்கைக் குடைந்து ஒரு மின்விசிறி மாட்டிக்கொள்வார். சீலிங் ஃபேனுக்கும் 2023 முதல் நட்சத்திரக் குறி கட்டாயமாகிவிட்டதால், ஆண்டறிக்கையில் அதையும் உங்கள் சாதனையாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தெர்மோஸ்டாட்டின் கீழ் வாழும் குடிமக்களில் ஒருவர்