மங்களவனம் போட்ட வக்காலத்து

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பொடக்காளியை நான் கவனிப்பதே இல்லை என்பது எங்கள் ஊரான கோவிந்தாபுரத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதை நான் இயற்கைப் பூங்கா என்று சொல்லிவருவது மட்டும் யாருக்கும் தெரியாது. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கிவிடுகிறது.

பன்னிரண்டு செண்டு இடம். கிணற்றடி தாண்டினால் உண்ணிச்செடி, அதைத் தாண்டினால் கம்யூனிஸ்ட் பச்சை, ஓரமெல்லாம் பார்த்தீனியம், நடுவில் ஒரு கிழட்டு மாமரம். மற்ற ஊர் மரங்கள் பிஞ்சு விடுவதற்குள் முதலமடை மாங்காய் வடக்கே லாரி ஏறிவிடும் என்பார்கள். அதே முதலமடைப் பஞ்சாயத்தில்தான் என் மரமும் நிற்கிறது. பூக்கும். அத்தோடு சரி.

“ஏனுங்க, சாரைப்பாம்பு குடும்பம் நடத்துது, கொசு வளருது. மாசம் அம்பது ரூவா வாங்கிட்டுப் பிளாஸ்டிக் எடுக்க வர்ற ஹரித கர்மசேனைக்காரங்க, இந்த வீட்டுல ஆளிருக்குதான்னு அடுத்த வீட்டுல கேட்டுட்டுத்தான் கேட்டைத் தொறக்கறாங்க” என்பாள் மனைவி. சொல்லிவிட்டு அரிவாளை என் சாய்வு நாற்காலியில் வைத்துவிட்டுப் போவாள். நான் அதைப் பத்திரமாக எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவேன்.

எனக்கென்று வாதாட ஒரு வக்கீல் கிடைத்தது எறணாகுளத்தில், மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது. வக்கீல் இருந்த இடமும் பொருத்தம்தான்: ஹைகோர்ட்டுக்குப் பின்பக்கம். பெயர் மங்களவனம். மொத்தம் 2.74 ஹெக்டேர், நம் கணக்கில் ஆறே முக்கால் ஏக்கர். நடுவில் ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பு. ஒரு வாய்க்கால் அதைக் காயலோடு தொடுத்துவைத்திருக்கிறது. காயலில் ஏற்றம் என்றால் இங்கேயும் ஏற்றம், வற்றினால் இங்கேயும் சேறு. சுற்றிலும் அலையாத்தி மரங்கள் வேரைச் சேற்றுக்கு வெளியே நீட்டி மூச்சு வாங்குகின்றன. நீர்க்காகமும் வக்காவும் கிளையில் உட்கார்ந்து சண்டை போடுகின்றன. நகரத்தின் நடுவே அவ்வளவு பேர் வாடகையில்லாமல் குடியிருப்பதைப் பார்க்க மகனுக்குத்தான் வயிறு எரிந்தது. 2004இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

ஒட்டினாற்போல் பழைய ரயில் நிலையம். கொச்சி மகாராஜா ராமவர்மா, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் நெற்றிப்பட்டங்களை விற்று ஷொர்ணூர்ப் பாதை போட்டார் என்று சொல்வார்கள். 1902இல் ரயில் வந்தது. 1925இல் வைக்கத்துக்குப் போகும் வழியில் காந்தி வந்திறங்கியதும் இங்கேதான் என்பார்கள். பிறகு ரயில்களெல்லாம் வேறு நிலையங்களுக்குப் போய்விட, தண்டவாளத்தைப் புல் எடுத்துக்கொண்டது. தங்கப்பட்டம் விற்றுப் போட்ட பாதையின் நிலையமே அப்படிக் கிடக்கும்போது, என் பொடக்காளி எம்மாத்திரம்?

இப்படிக் கவனிப்பாரற்றுக் கிடப்பதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. சுற்றிலும் கட்டடங்கள் கழுத்தை நெரிக்கும் நகரத்தில் மங்களவனத்துக்குள் நுழைந்தால் சட்டையின் வியர்வை காய்கிறது. அலையாத்தி வேர்களுக்கிடையில் மீன்குஞ்சுகள் வளரும். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அக்கம்பக்கத்தில் இருப்பதும் ஒரு பொருத்தம். ஆனால் ஏற்றத்தோடு நகரத்துப் பிளாஸ்டிக்கும் வாய்க்கால் வழியே உள்ளே வந்துவிடுகிறது. இறக்கத்தின்போது அது திரும்பிப் போவதில்லை. காற்று திரும்பினால் எச்சத்தின் வாடை. ராத்திரியில் அடுக்குமாடி விளக்குகள் பறவைகளைத் தூங்கவிடுமா என்பது சந்தேகம். போதாக்குறைக்குப் பழந்தின்னி வௌவால்கள். 2018இல் கோழிக்கோட்டில் வௌவால் வழி பரவும் நிபா வைரஸ் வந்ததிலிருந்து தலைகீழாகத் தொங்குகிற எதைப் பார்த்தாலும் மலையாளிகள் ஓரடி தள்ளி நிற்கிறார்கள். நான் இரண்டடி.

கிடக்கட்டும். பெர்லினில் இதைவிட நல்ல சாட்சி ஒன்று இருந்தது. டெம்பெல்ஹோஃப் ரயில் யார்டை 1952இல் மூடினார்கள். அப்புறம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. தண்டவாளங்களுக்கிடையே மரம் முளைத்து, காடாகி, 2000ஆம் ஆண்டில் சூட்கெலாண்டே இயற்கைப் பூங்கா என்று டிக்கெட் வைத்துத் திறந்துவிட்டார்கள். 18 ஹெக்டேர். ஜெர்மன்காரனே சும்மா இருந்து சாதித்திருக்கிறான் என்றால், கோவிந்தாபுரத்துக்காரன் எப்படிச் சாதிக்காமல் போவான்?

ஊர் திரும்பியதும் இதையெல்லாம் மனைவியிடம் அடுக்கினேன். மிக்ஸி ஓடவில்லை, கரண்ட் இல்லை. முழுக்கக் கேட்டாள். பேத்தியைப் போனில் தட்டிப் பார்க்கச் சொன்னாள்.

“அந்த பெர்லின்லயே காடு எல்லாத்தையும் மூடிராம இருக்கோணும்னு சில எடத்துல புல்லு வெட்டறாங்களாமா. ஆடு விட்டு மேய்க்கறாங்களாமா. எறணாகுளத்துல வாச்சர் இருக்காரு, வேலி இருக்குது, எவனாச்சும் கை வெச்சாக் கேசு போட ஆளிருக்குது. யாரோ கவனிக்கப் போயித்தானுங்க அது கவனிக்காத மாதிரி இருக்குது. இங்க என்னங்க இருக்குது? சாய்வு நாற்காலி இருக்குது.”

பேத்தி விடவில்லை. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்ததாம். முதுமலையில் வனத்துறையே அதை வேரோடு பிடுங்குகிறதாம். கம்யூனிஸ்ட் பச்சையும் அந்தக் கண்டம்தானாம், கட்சி எதுவானாலும். பார்த்தீனியம் 1950களில் இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாம். மங்களவனத்து அலையாத்திக்கோ சொந்த ஊர் அந்தச் சேறு. என் பூங்காவில் உள்ளூர்க்காரர்கள் என்று பார்த்தால் மாமரமும் நானும்தான். இரண்டு பேரும் காய்ப்பதில்லை என்று மனைவி சேர்த்துக்கொண்டாள்.

என்னைக் காப்பாற்றியது ஒரு செம்போத்து. போன மழைக்கு ஆப்பிரிக்க நத்தை படையெடுத்து வந்து அவள் போட்ட கீரைப்பாத்தியை மொட்டையடித்தது. அதே நேரம் கிணற்றடிப் புதரிலிருந்து ஒரு செம்போத்து தத்தித் தத்தி இறங்கி, ஒரு நத்தையைக் கல்லோரம் இழுத்துக்கொண்டு போய் ஓட்டை உடைத்துச் சதையை உருவித் தின்றது. சிவந்த கண்ணால் எங்களை ஒரு பார்வை வேறு பார்த்தது. மனைவி சன்னலோரம் நின்று முழுக்கப் பார்த்தாள். செம்போத்து கண்ணில் பட்டால் நல்ல சகுனம் என்பது அவள் அம்மா வீட்டு நம்பிக்கை. நத்தையும் தின்கிறது என்றதும் அது கொள்கையாகிவிட்டது.

தீர்ப்பு இதுதான்: கிணற்றடிப் பக்கம் மூன்று செண்டு செம்போத்துக்கு. பார்த்தீனியத்தை அங்கேயும் நானே கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். மீதி ஒன்பது செண்டில் வெண்டையும் தட்டைப்பயறும். ஞாயிற்றுக்கிழமை மெஷின்காரர் வந்து வெட்டிவிட்டுப் போனார். நான் மேற்பார்வை பார்த்தேன், உட்கார்ந்தபடி.

மூன்று செண்டுக்கு ஒரு போர்டு வைக்கலாமா என்று கேட்டேன். “போர்டு எதுக்குங்க? மொதல்ல வாச்சர் வேணும்” என்று டார்ச்சையும் உப்பு டப்பாவையும் கையில் கொடுத்தாள். நத்தை ராத்திரியில்தான் வெளியே வருமாம். செம்போத்துக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்தானாம்.