கொலைக்கும் கைதுக்கும் இடையில் ஆறு பாட்டு: துப்பறியும் படம் பார்ப்போரின் அபிப்பிராயங்கள் பற்றிய ஆராய்ச்சி

திரைப்பட ஆராய்ச்சிகள் இயக்குநரையும் நடிகரையும் சமூகத்தையும் தீர விசாரித்துவிட்டன. ஆனால் பழைய துப்பறியும் படம் ஒன்றைப் பார்த்து முடித்தவர், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே, யாரும் கேளாமல் வழங்கும் தீர்ப்பு இதுவரை உரிய கவனம் பெறவில்லை. அக்குறையை ஓரளவு போக்க முயலும் இக்கட்டுரையில், 'துப்பறியும் படம்' என்பது, 1960களின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், குறைந்த செலவில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டு, ஒரு கொலை, ஒரு பங்களா, ஒரு ரகசிய அறை, ஒரு கிளப் டான்ஸ், மலைப்பாதையில் ஒரு கார்த் துரத்தல் ஆகிய ஐந்து உறுப்புகளும் குறைவின்றி அமைந்த படத்தைக் குறிக்கும். இவ்வைந்தில் கொலை குறைந்தாலும் படம் நிற்கும். கிளப் டான்ஸ் குறைந்தால் நில்லாது என்பது பின்னர் நிறுவப்படும். 'அபிப்பிராயம்' என்பது கேட்கப்படாமலே சொல்லப்படுவது. கேட்டபின் சொல்லப்படுவது வெறும் பதிலாகிவிடுவதால் ஆராய்ச்சி எல்லைக்குள் வராது.

இவ்வகைப் படங்களுக்குத் தாயகம் என்று சொல்லத்தக்கது சேலம். 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தின் வழியாகத் தமிழுக்கு முழுநீள வண்ணப்படத்தைத் தந்த நிறுவனம். அதே நிறுவனம், 1963இல் அவர் மறைந்தபின், நடிகர் ஜெய்சங்கரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, வண்ணத்தை மறந்து, 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' (இரண்டும் 1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று வரிசையாகக் குற்றவாளிகளைப் பிடிக்கத் தொடங்கியது. படப்பிடிப்பு நிலையம் ஏற்காடு செல்லும் சாலையிலேயே அமைந்திருந்ததால், கடத்தல்காரர்கள் தப்பி ஓட வேண்டிய மலைப்பாதை வாசலிலேயே கிடைத்தது. குற்றவியலுக்கும் புவியியலுக்கும் இத்துணை நெருக்கமான உறவு வேறெங்கும் அமைந்ததாகத் தெரியவில்லை.

அபிப்பிராயங்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது முன்னறிவுக் கூற்று. "அவன்தான் கொலைகாரன்னு எனக்கு மொத ரீல்லயே தெரியும்" என்னும் இக்கூற்றின் சிறப்பு, அது முதல் ரீலில் ஒருபோதும் சொல்லப்படாமல், கடைசி ரீல் முடிந்து விளக்குப் போட்டபின்பே சொல்லப்படுவதாகும். இதைப் பொய் என்று ஒதுக்குவது ஆராய்ச்சி நெறியாகாது. பார்ப்பவர் முதல் ரீலில் உண்மையிலேயே ஒருவரைச் சந்தேகிக்கிறார். சரியாகச் சொன்னால், வேலைக்காரன், டாக்டர், பண்ணையார், பியானோ வாசிக்கும் பெண் என எல்லாரையுமே சந்தேகிக்கிறார். ஆகவே இறுதியில் முகமூடியைக் கழற்றுபவர் எவராயினும் அவர் முன்பே சந்தேகிக்கப்பட்டவராகவே இருந்து தீர்கிறார். நடிகர் தேர்வும் இதற்குத் துணை செய்தது. வில்லன் வேடங்களுக்குப் பேர்பெற்ற ஆர். எஸ். மனோகரோ எஸ். ஏ. அசோகனோ கோட்டு அணிந்து படியிறங்கி வந்தால், அதற்கு மேல் துப்பறிய ஒன்றுமில்லை என்று கொட்டகை முடிவு செய்துவிடும். 'இரு வல்லவர்கள்' படத்தில் அந்த மனோகரே வல்லவர் இருவருள் ஒருவராக வந்தபோது, இந்த அளவுகோலை நம்பியவர்களுக்கு நேர்ந்த சங்கடத்தை எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது மருவைப் பற்றியது. மரு என்பது துப்பறிவாளர் மாறுவேடத்தின்பொருட்டுக் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பொட்டு. இதனோடு குறுந்தாடியும் சேருமானால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்பது இப்படங்களின் மாறாத விதி. "நமக்கே தெரியுது, கூடவே திரியிற அவனுக்குத் தெரியலையா?" என்று பார்ப்போர் எழுப்பும் தடைக்கு விடை கூறுவதாயின், கூத்து மேடையை நோக்கியே கூற வேண்டும். கூத்தில் மாறுவேடம் பூண்டு வருபவர், தாம் யார் என்பதைச் சபைக்கு அறிவித்துவிட்டே எதிரில் நிற்பவரை ஏய்ப்பார். வேடம் மற்றப் பாத்திரங்களுக்காகப் போடப்பட்டதேயன்றிச் சபைக்காகப் போடப்பட்டதன்று. மாடர்ன் தியேட்டர்ஸே 1950இல், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவி எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில், எம். என். நம்பியார் வேடத்தின்மேல் வேடமாக மாறி வந்தபோதும், எல்லா வேடத்துக்குள்ளும் நம்பியாரைக் கண்டுகொள்வதே பார்ப்போருக்குக் கிடைத்த இன்பம். எனவே மருவைப் பழிப்பவர், தம்மை ஏமாற்றவில்லை என்பதற்காகப் படத்தைப் பழிக்கிறார். அதே மனிதர், அடையாளமே தெரியாதபடி வேடம் அமைந்திருந்தால், கதாநாயகனைக் காணோம் என்று சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

இவ்விடத்தில், படத்தைப் பாராமலே அபிப்பிராயம் கூறிய ஒரு கூட்டத்தாரைக் குறிப்பிடாமல் செல்வது நீதியன்று. வானொலியில் 'ஒலிச்சித்திரம்' என்ற நிகழ்ச்சி இருந்தது. ஒரு திரைப்படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி வழங்குவது அது. துப்பறியும் படத்தை இவ்வாறு கேட்டவர்களுக்கு மருவும் இல்லை, தாடியும் இல்லை, முகமூடியும் இல்லை; குரல் ஒன்றே உண்டு. திரையில் நிழலாக மட்டும் தோன்றி, சுழல்நாற்காலியில் முதுகைக் காட்டியவாறு ஆணையிடும் 'பாஸ்' யார் என்பது, இரண்டாவது வாக்கியத்திலேயே அவர்களுக்கு விளங்கிவிட்டது. காட்சியில் ஒளிக்கப்பட்டது ஒலியில் வெளிப்பட்டுவிடுவதால், முதல் ரீலிலேயே கொலைகாரனை அறிந்ததாக உண்மையாகவே உரிமை கொண்டாடத்தக்கவர் இவர்கள்தாம். ஆயினும் சண்டைக் காட்சியில் கேட்கும் "டிஷ்யூம்" யாருடைய கன்னத்துக்குரியது என்பதை இவர்களால் இறுதிவரை தீர்மானிக்க முடிந்ததில்லை.

ரகசிய அறையின் விளக்கு பற்றிய அபிப்பிராயம் சிறியதெனினும் விடத்தக்கதன்று. எதிரி வாசலில் வந்ததும் அறைச்சுவரில் ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. படம் கறுப்பு வெள்ளை. ஆயினும் பார்த்தவர் அனைவரும் அதைச் சிவப்பு விளக்கு என்றே கூறுகின்றனர்; பச்சை என்றோ மஞ்சள் என்றோ வாதிடுவார் இல்லை. தயாரிப்பாளர் செலவு செய்யாத வண்ணத்தைப் பார்ப்பவர் தம் கையிலிருந்து போட்டுக்கொள்கிறார் என்பது இதனால் பெறப்படும். கார்த் துரத்தலில் மட்டும் இந்தத் தாராளம் காணப்படுவதில்லை. முன்பே படமெடுத்த சாலையைப் பின்னால் ஒரு திரையில் ஓடவிட்டு, நின்ற இடத்தில் நிற்கும் காரை அதன்முன் வைத்துப் பிடிக்கும் முறையை, அதன் பெயர் அறியாதவர்களும் கண்டுகொண்டு, சாலை நேராகச் செல்லும்போது ஸ்டியரிங் ஏன் இத்தனை முறை திரும்புகிறது என்று கேட்டுவிடுகின்றனர்.

மூலங்காண்போர் என்பவர், படம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிட்டால் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது முடிந்துவிட்டது என்று கருதுவோர். இவர்கள் கூற்று பெரும்பாலும் உண்மை என்பதே இவர்களிடம் உள்ள குறை. 1966இல் வந்த 'யார் நீ', இரண்டாண்டுக்கு முன் வந்த இந்திப் படமாகிய 'வோ கௌன் தி'யின் தமிழ் வடிவம். அதற்கும், 'வல்லவன் ஒருவன்' உள்ளிட்ட மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் பலவற்றுக்கும் இசையமைத்த வேதா, இந்தி மெட்டுகளைத் தமிழில் அமர்த்துவதில் பேர்பெற்றவர். மெட்டு ஆயத்தமாக இருந்தால் செலவும் குறையும், ஏற்கெனவே ஓடிய மெட்டு என்பதால் அச்சமும் குறையும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. ஆனால் இவ்வகையினருள் ஓர் உட்பிரிவு ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது: தமிழ்ப் பாட்டை முதலில் கேட்டு வளர்ந்து, இந்திப் பாட்டை இருபது ஆண்டு கழித்துக் கேட்டவர்கள். இவர்கள் இந்திக்காரர்கள்தாம் திருடிவிட்டார்கள் என்று உறுதியாக நம்புகின்றனர். ஆண்டுகளை எடுத்துக்காட்டினாலும், மனம் தளராமல், "எப்படியோ, நம்மாளுதான் நல்லா போட்டிருக்கான்" என்று முடிக்கின்றனர். இந்த முடிவை மறுக்க இக்கட்டுரைக்கும் விருப்பமில்லை.

இனி, தலையாய அபிப்பிராயத்துக்கு வரலாம். "படம் நல்லாத்தான் இருக்கு, நடுநடுவே பாட்டு வந்து கெடுத்துட்டான்" என்பது அது. பிணம் கூடத்தில் கிடக்க, துப்பறிய வந்தவர் பூங்காவில் மரத்தைச் சுற்றுவதும், வெடிகுண்டு வெடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் எதிரியின் கூடாரத்தில் எல். ஆர். ஈஸ்வரியின் குரலில் ஒரு முழுப்பாட்டு ஆடி முடிக்கப்படுவதும், பகுத்தறிவுக்கு ஒவ்வாதவை என்பதில் ஐயமில்லை. கொட்டகைக் காலத்தில் இக்கூற்றுக்குச் செயல்வடிவமும் இருந்தது: பாட்டு தொடங்கியதும் பீடிக்கும் டீக்கும் எழுந்து வெளியே செல்வோர், பாட்டு முடியும் நேரத்தைக் கணித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவர்.

இக்கூற்றை உண்மையாகவே சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. எஸ். பாலசந்தர் 1954இல் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக இயக்கிய 'அந்த நாள்', சிவாஜி கணேசன் நடித்த கொலைப்படம். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, சண்டையும் இல்லை. கெடுக்கும் பொருள் யாவும் நீக்கப்பட்ட அந்தப் படத்தைப் பிற்காலத்தார் தலைமேல் வைத்துக் கொண்டாடினாலும், வெளியான காலத்தில் அது வசூலில் தேறவில்லை. பாட்டைக் குறை கூறியோர் எங்கே போயினர் என்பது ஆராய்ச்சிக்குரியது. வெளியே எழுந்து போக ஓரிடமும் இல்லாத படத்தில் டீ குடிப்பது எப்போது என்ற குழப்பம் அவர்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடும். இங்கு விந்தை என்னவெனில், பாட்டை விலக்கிய அந்த இயக்குநர் இசை அறியாதவர் அல்லர்; வீணை பாலசந்தர் என்று நாடறிந்த மேதை அவரே. பத்தாண்டு கழித்து, வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை கைமாறிச் செல்வதைப் பற்றி 'பொம்மை' (1964) எடுத்தபோது, அவர் தாமே இசையமைத்துப் பாட்டையும் வைத்தார், கே. ஜே. யேசுதாஸின் குரல் தமிழுக்கு அறிமுகமானது அந்தக் கொலைச் சதிக்கு நடுவில்தான். 'பொம்மை' பார்த்தவரிடம் குண்டு யாருக்காக வைக்கப்பட்டது என்று கேட்டால் மேலே பார்த்து யோசிக்கிறார். யேசுதாஸ் பாட்டைக் கேட்டால் உடனே முனகிக் காட்டுகிறார்.

தொலைக்காட்சி வந்தபின், பாட்டுக்கு எழுந்து செல்லும் நடத்தை தலைகீழாக மாறியதும் நோக்கத்தக்கது. இப்போது மதிய வேளையில் துப்பறியும் படம் ஓடும்போது, துப்பறிவாளர் தடயத்தைப் பூதக்கண்ணாடியால் நோக்கும் காட்சியில் வீட்டார் எழுந்து சென்று குக்கரை இறக்கிவைக்கின்றனர். பாட்டு தொடங்கியதும், "சத்தத்தைக் கூட்டு" என்று கூறிக்கொண்டே திரும்பி வருகின்றனர். பாட்டுக்காகவே பார்த்துவிட்டு, பாட்டு கெடுத்துவிட்டது என்ற அபிப்பிராயத்தையும் கைவிடாமல் கூறுகின்றனர். இதில் முரண்பாடு இல்லை. கொலை ஒருமுறைதான் கேட்கத்தக்கது. கொலைகாரன் யாரென்று தெரிந்தபின் அதற்கு வேலை இல்லை. பாட்டோ படத்தைவிட்டுக் கழன்று, இலங்கை வானொலி, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, பேருந்து என்று தனியே ஊர் சுற்றியது. அது எந்தக் கொலைக்கும் எந்தக் கைதுக்கும் இடையில் வந்தது என்பது கேட்டவருக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை.

ஆட்டத்தின் நிலையும் இதுவே என்பதற்கு, பெயர்கள் நிலைத்த முறை சான்றாகும். 'சி.ஐ.டி. சங்கர்' படத்தில் உயிரைப் பணயம் வைத்துக் குற்றவாளியைத் தேடியவர் சங்கர். ஆயினும் அவ்வேடத்தில் நடித்த ஜெய்சங்கர் 'மக்கள் கலைஞர்' என்றே அழைக்கப்பட்டார். அப்படத்தில் அவருடன் நடித்தவரும், கவர்ச்சி ஆட்டங்களுக்குப் பேர்பெற்றவருமான ஏ. சகுந்தலாவின் பெயரோடுதான் 'சி.ஐ.டி.' ஒட்டிக்கொண்டது, 2024இல் அவர் மறைந்த செய்தியும் 'சி.ஐ.டி. சகுந்தலா' என்ற பெயரிலேயே வெளிவந்தது.