சந்தேகப்பட்டவரின் மலை

கேள்வி: சந்தேகத்துக்குப் பேர்போனவர் தோமையார். பறங்கிமலையில் அவர் மேல் மட்டும் மக்களுக்கு எப்படி இத்தனை நம்பிக்கை?
— வாசகர், பம்மல்

பதில்: சந்தேகப்பட்டவர்தானே இத்தனை தூரம் வந்தார்! இயேசுவின் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்றவர், கடைசியில் தம் உடம்பிலேயே ஈட்டிக் காயம் வாங்கினார். அது கி.பி. 72இல், அந்த மலையில் நடந்தது என்பது மரபு. 3ஆம் நூற்றாண்டுச் சிரிய நூல் ஒன்றும் இந்தியாவில் ஒரு மலைமேல் ஈட்டியால் மாண்டார் என்கிறது. அது பறங்கிமலை என்று மட்டும் எழுதவில்லை. வரலாற்றாசிரியர்கள் வாதாடட்டும். எனக்குப் பெரிதாகப் படுவது 1547இல் போர்த்துக்கீசியர் அங்கே தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை. அதில் இருப்பது பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து! போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே யாரோ மண்டியிட்டு ஜெபித்திருக்கிறார்கள். 1726இல் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான், பக்தர்கள் சிரமப்படாமல் ஏறப் படிக்கட்டு கட்டிக்கொடுத்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முன்பு இருந்த பழைய பாலமும் அவர் கட்டியதே. பல்லாவரம் தாண்டினால் பறங்கிமலைதான், உங்களுக்குப் பக்கம். டிசம்பர் 18 திருவிழா நாளில் போங்கள், படி வழியாகவே ஏறுங்கள். அந்தக் கற்சிலுவை மலைமேல் உள்ள தேவாலயத்தின் பீடத்திலேயே இருக்கிறது.