கடைசி நூலுக்குப் பின் வந்த நூல்கள்

திரைக்கதை கற்பிக்கும் நூல்களுள் அமெரிக்கரான பிளேக் ஸ்னைடர் 2005இல் வெளியிட்ட ‘சேவ் தி கேட்’ தனித்துக் குறிப்பிடத்தக்கது. நாயகன் தொடக்கத்திலேயே பூனையைக் காப்பாற்றுவது போன்ற நற்செயல் ஒன்றைச் செய்துவிட்டால் பார்வையாளர் அவன் பக்கம் சாய்ந்துவிடுவர் என்னும் உத்தியைத் தலைப்பாகக் கொண்ட இந்நூல், ‘பீட்’ எனப்படும் கதைக் கட்டங்கள் பதினைந்தையும் அவை வரவேண்டிய பக்க எண்களையும் வரையறுத்துத் தருகிறது. திரைக்கதைக்கென எவருக்கும் தேவைப்படும் கடைசி நூல் இதுவே எனத் துணைத்தலைப்பில் அறிவித்தவர் இரண்டே ஆண்டுகளில் அதன் தொடர்ச்சியை வெளியிட்டதும், அவர் இணைந்து எழுதிய 1992ஆம் ஆண்டுப் படமொன்று மோசமான திரைக்கதைக்கான ராஸி விருது பெற்றதும் விற்பனைக்குத் தடையாகவில்லை.

அவரைப் போலத் திரைக்கதை கற்பிக்கும் நூல் எழுதுவோருக்கு அமேசானின் கிண்டில் நேரடிப் பதிப்பு, அதாவது பதிப்பாளரின்றி எழுதியவரே மின்னூலைக் கடையில் ஏற்றும் ஏற்பாடு, பெருந்துணையாயிற்று. திரைக்கதை ஒன்று முகவரையும், கதைகளைப் படித்துச் சுருக்கமும் மதிப்பீடும் எழுதித்தரும் ஸ்டுடியோ வாசகரையும் கடந்தே தயாரிப்பாளரை அடைய வேண்டியிருக்க, அதை எழுதும் முறையை விளக்கும் மின்னூலோ எவரையும் கடக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சந்தையில் விலை 2.99 டாலர் முதல் 9.99 டாலருக்குள் அமைந்தால் 70 விழுக்காடு வரையும், அதற்கு வெளியே 35 விழுக்காடும் உரிமத்தொகை கிடைப்பதால், இவ்வகை நூலில் ஆசிரியர் மிகக் கவனமாக வடிவமைக்கும் பகுதி பெரும்பாலும் விலையே எனலாம். வாங்க எண்ணுவோர் கவனிக்க: விருதுக் காலத்தில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பல தம் படங்களின் முழுத் திரைக்கதைகளை இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகின்றன.