தவணைக்குத் தவணை: வாசகர் கேள்வி, நம் பதில்

மகள் லெபோ பந்தாயில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்ந்து வருடம் ஒன்று ஆகப் போகிறது. நீதிபதி முன் இன்னும் வாயே திறக்கவில்லையாம். நாள் முழுக்க ஃபைலுக்குப் பக்க எண் போடுகிறாளாம். இதற்கா இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தேன்?
– ஒரு தந்தை, தண்ணீர்மலை

இதற்கேதான் ஐயா. வணிக வழக்கில் சாட்சி மறந்துபோவார், இன்வாய்ஸ் மறக்காது. அந்தத் தாள்களை ஏ, பி, சி என்று மூன்று கட்டாகப் பிரிப்பார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டது ஏ. தாள் அசல்தான், ஆனால் அதில் எழுதியிருப்பதை ஏற்கமாட்டேன் என்றால் பி. தாளே சந்தேகம் என்றால் சி. சி கட்டில் விழுந்த தாளைக் காப்பாற்ற, பெரும்பாலும் அதை எழுதினவரையே தேடிப் பிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டும். அவர் வேலையை விட்டு ஆஸ்திரேலியா போயிருப்பார்! எது எந்தக் கட்டு என்று முதலில் தரம் பிரிப்பது உங்கள் மகள்தான். சீனியர் எழுந்து "பக்கம் 412" என்று சொல்லும்போது அங்கே 412 இருந்தால் அவரைக் கெட்டிக்காரர் என்பார்கள். 413 இருந்தால் உங்கள் மகளை யாரென்று விசாரிப்பார்கள்.

சேம்பரிங் என்பது படிப்பா, வேலையா, தண்டனையா?
– சட்ட மாணவி, குளுகோர்

மூன்றாவதுக்குத்தான் பொருத்தம் அதிகம். 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி இந்தப் பயிற்சிக் காலம் ஒன்பது மாதம். சிறப்புக் காரணம் காட்டினால் கழிவும் உண்டு. காவலுக்கு, ஏழு வருடமாவது தொழில் செய்த ஒரு மூத்த வழக்கறிஞர். மூன்று மாதம் போனதும் 'ஷார்ட் கால்' என்று ஒரு பரோல் கிடைக்கும். பதிவாளர் முன்னும் நீதிபதியின் அறையிலும் ஆஜராகலாம். முழு விசாரணை நடத்துவதெல்லாம் ஒன்பதும் முடிந்து 'லாங் கால்' வாங்கிய பிறகு.

கர்ப்பால் சிங் மாதிரி கர்ஜிக்க ஆசை. வணிக வழக்கில் வாய்ப்பு உண்டா?
– இளம் வழக்கறிஞர், ஜெலுத்தோங்

அவரை 'ஜெலுத்தோங் புலி' ஆக்கிய தொகுதியிலிருந்தே கேட்கிறீர்கள்! 1940-இல் இதே பினாங்கில் பிறந்தவர். 1978 முதல் இருபது வருடத்துக்கு மேல் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். 2005 விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியிலேயே கோர்ட்டுக்கு வந்து வாதாடினார். ஆனால் அவர் பேர் வாங்கியது குற்ற வழக்கிலும் அரசமைப்பு வழக்கிலும். வணிக வழக்கில் உங்கள் வாதம் எழுத்தில் முன்பே நீதிபதி மேசைக்குப் போயிருக்கும். கர்ஜனையை அதில் எங்கே வைப்பீர்கள், அடைப்புக்குறிக்குள்ளா?

கெடுவின் கடைசி நாள் தைப்பூசத்தில் விழுந்தால் என்ன செய்வது?
– காவடி எடுக்கும் ஜூனியர், ஆயர் ஈத்தாம்

காவடியை எடுங்கள். பதிவகம் மூடியிருக்கும் நாளில் கெடு முடிந்தால், அது அடுத்துத் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். ஏழு நாளோ அதற்குக் குறைவோ உள்ள கெடு என்றால் விடுமுறைகள் கணக்கிலேயே சேராது. முருகன் கைவிடமாட்டார்.

யுனெஸ்கோ கைவிட்டுவிடும், அங்கேதான் கவனம் வேண்டும். ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது 2008 ஜூலை 7. அந்தத் தேதி பினாங்குக்கு விடுமுறை, கோலாலம்பூருக்கு வேலைநாள். தலைநகர் கோர்ட்டில் வழக்கை வைத்துக்கொண்டு கர்னி டிரைவில் காற்று வாங்கப் போகாதீர்கள். ரிட் கைக்கு வந்த 14 நாளில் ஆஜர் குறிப்புத் தாக்கல் செய்யாவிட்டால் எதிராளி ஒருதலைத் தீர்ப்பு வாங்கலாம். உயர்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றம் போக 30 நாள். இந்த எண்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். தூக்கம் எங்கே என்று கேட்கிறீர்களா? அது வேறு இலாகா.

இந்தியாவில் 420-ஐ ஒழித்துவிட்டார்களாமே?
– பழைய சினிமா ரசிகர், பட்டர்வொர்த்

ஆளை ஒழிக்கவில்லை, எண்ணைத்தான் மாற்றினார்கள். 2024 ஜூலை 1 முதல் அங்கே மோசடிக்குப் பிரிவு 318. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் இன்றும் 420-தான். இது வேடிக்கை மட்டுமல்ல. நம் சாட்சியச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் 1872-ஆம் ஆண்டு இந்தியச் சட்டங்களைப் பார்த்து வார்த்தவை. அந்தச் சாட்சியச் சட்டத்தை இந்தியா அதே நாளில் வழியனுப்பிவிட்டது. பினாங்கு ஜூனியரோ 'சர்க்கார்' எழுதிய அந்தத் தடித்த இந்திய உரைநூலை இன்னும் மேசையில் வைத்திருக்கிறார். மருமகள் வீட்டில் பத்திரமாக இருக்கும் மாமியார் நகை!

கோர்ட்டில் தமிழில் பேசலாமா?
– பெரியவர், நிபோங் திபால்

சாட்சியாகப் போனால் தாராளமாக, மொழிபெயர்ப்பாளர் இருப்பார். வழக்கறிஞருக்கு மலாய், நீதிபதி அனுமதித்தால் ஆங்கிலம். உயர்நீதிமன்ற நீதிபதியை 'யாங் ஆரிஃப்' என்று அழைக்க வேண்டும். 'கனம் கோர்ட்டார் அவர்களே' சிவாஜியோடு போயிற்று.

"21 நாளில் பணம் கட்டாவிட்டால் கம்பெனியைக் கலைக்க மனுப் போடுவோம்" என்று ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ். மிரட்டலா, நிஜமா?
– சரக்கு லாரி முதலாளி, பிறை

2016-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பிரிவு 466. கடன் 50,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தால் நிஜம். கடன் உண்மை என்றால் கட்டுங்கள், அல்லது பேசித் தீருங்கள். கடனே தகராறு, நியாயமான காரணமும் ஆதாரமும் உண்டு என்றால், மனுவைப் போடவிடாமலே தடுக்க 'ஃபார்ச்சூனா' தடையாணை கேட்கலாம். ஆனால் 19-ஆம் நாள் சாயந்திரம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வராதீர்கள். உங்களுக்காக அன்று இரவெல்லாம் பிரமாணப் பத்திரம் எழுதப்போவது முதல் கேள்வியில் வந்த அந்தப் பெண்தான்.

ஜெயித்தால் மட்டும் பீஸ் என்று ஒப்பந்தம் போடலாமா?
– சிக்கனக்காரர், பாலிக் பூலாவ்

கூடாது. 1976 சட்டம், பிரிவு 112.

லைட் ஸ்திரீட் கோர்ட்டுக்கு எதிரே நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்களே, அவர் நீதிபதியா?
– சுற்றுலா வந்தவர், மதுரை

வழக்கறிஞர். ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், 1869-இல் காலமானவர். பத்திரிகையும் நடத்தினார், 'இந்தோனேசியா' என்ற பெயரைப் பரப்பியவரும் இவரே. வெள்ளையரல்லாதவர்களுக்காகவும் வாதாடினார் என்ற நன்றியில் ஊரார் எழுப்பியது. வழக்கறிஞருக்குப் பீஸ் கொடுப்பதே கஷ்டம். இவருக்குச் சிலைகளோடு நினைவுச்சின்னமே வைத்தார்கள்!

தவணையில் விற்ற தையல் இயந்திரத்துக்கு 4,800 ரிங்கிட் பாக்கி. பெரிய நிறுவன வழக்கறிஞர் எடுப்பாரா?
– தையல்காரம்மா, சுங்கை டுவா

எடுத்தாலும் கொடுக்காதீர்கள் அம்மா, பீஸே பாக்கியை விழுங்கிவிடும். 5,000 ரிங்கிட் வரை உள்ள சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நீங்களே போடலாம். அங்கே பொதுவாக வழக்கறிஞருக்கு இடமே இல்லை. படிவம் 198-ஐ வாங்கி நிரப்புங்கள். பாக்கி விழுந்த நாளைப் பாருங்கள். அதிலிருந்து ஆறு வருடம் தாண்டியிருந்தால் காலம் கடந்துவிட்டது. ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் அச்செடுத்துப் பக்க எண் போட்டுக் கொண்டுபோங்கள்.